நடுவில் வைக்கப்பட்ட வரம்

வேத பாடம்: 1 கொரிந்தியர் 12:28, அப்போஸ்தலர் 6:1-7, லூக்கா 10:30-37, நெகேமியா 3-ஆம் அதிகாரம்



விஸ்வநத்தத்தில் நம்முடைய சபை எழுப்புதலுக்காக வெள்ளிக்கிழமை இரவுதோறும் காத்திருந்து ஜெபித்து வருகிறது. பகலெல்லாம் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, அலுமினியப் பவுடர் மினுங்குகிற கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ராத்திரி ஜெபத்துக்கு வந்து முழங்கால்படியிடுகிற தாய்மாரைப் பார்க்கும்போது என் உள்ளம் உருகுகிறது. அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்காமல் விடமாட்டார்.

போன மாதம் வேத பாட வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "எழுப்புதல் வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும்?" வாலிபர்கள், "அந்நிய பாஷை பேசுவாங்க" என்றார்கள். ஒரு சகோதரன், "வியாதிக்காரங்க சுகமாவாங்க" என்றார். "சபை நிரம்பி வழியும்" என்றார் இன்னொருவர். எல்லாம் நல்ல பதில்கள்தான். கடைசியில் ஒரு வயதான தாயார், "ஆஸ்பத்திரியில கெடக்கிறவுகளுக்குக் கஞ்சி கொண்டுபோக ஆள் வரும்யா" என்றார்கள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தத் தாயார் சொன்ன பதிலுக்கு வேதத்தில் பலமான ஆதாரம் இருக்கிறது. இந்த மாதப் பாடம் அதைப்பற்றியதே.

1. இரண்டு வரங்களுக்கு நடுவில்

1 கொரிந்தியர் 12:28-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தேவன் சபையில் ஏற்படுத்தினவைகளைப் பவுல் வரிசையாகச் சொல்லுகிறார். அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், போதகர்கள், அதன்பின் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள். வரிசையின் கடைசியில் பலவித பாஷைகள். குணமாக்கும் வரத்துக்கும் பாஷை வரத்துக்கும் நடுவில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஊழியங்கள், ஆளுகைகள். நாம் அநேகமாய் இவ்விரண்டையும் தாண்டி வாசித்துவிடுகிறோம்.

நம் தமிழ் வேதாகமத்தில் "ஊழியங்கள்" என்று வருகிற அந்தச் சொல்லுக்கு மூல பாஷையாகிய கிரேக்கில் உதவி செய்தல், விழுகிறவனைத் தாங்கிப் பிடித்தல் என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டில் இந்த ஒரு இடத்தில்தான் அந்தப் பெயர்ச்சொல் வருகிறது. ஆனால் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்லைப் பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது பயன்படுத்துகிறார் (அப்போஸ்தலர் 20:35). தான் தன் கையால் வேலை செய்ததைக் காட்டி, நீங்களும் இப்படிப் பாடுபட்டுப் பலவீனரைத் தாங்கவேண்டும் என்கிறார். கூடாரத் தொழில் செய்த கையைக் காட்டித்தான் இந்த வரத்தைப்பற்றிப் பேசினார். உழைக்கிற ஜனங்களாகிய நமக்கு இது எவ்வளவு ஆறுதலான காரியம்!

ஆகவே உதவி செய்வது வரம் கிடைக்காதவர்கள் பார்க்கிற வேலை அல்ல. அதுவும் வரம்தான். பாஷை வரத்தைக் கொடுக்கிற அதே ஆவியானவர்தான் இதையும் கொடுக்கிறார். பாஷை வரத்துக்காகக் கண்ணீரோடு காத்திருக்கிற நாம், இதற்காக எத்தனை நாள் காத்திருந்து ஜெபித்திருக்கிறோம்?

2. முதல் சபையின் முதல் பட்டியல்

பெந்தெகொஸ்தே நாளில் அக்கினிமயமான நாவுகள் இறங்கின. ஒரே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். எழுப்புதல் என்றால் அதுதான் எழுப்புதல். அப்படிப்பட்ட சபையில் அடுத்து வந்த பிரச்சினை என்ன? சாப்பாட்டுப் பிரச்சினை! கிரேக்கு பாஷை பேசினவர்களுடைய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள் (அப்போஸ்தலர் 6:1). அவர்களை வெறுத்து யாரும் விலக்கி வைத்ததாக வேதம் சொல்லவில்லை. ஜனம் பெருகினபோது சிலர் கண்ணில் படாமல் போனார்கள்.

அப்போஸ்தலர் அதற்கு என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். "ஜெபம் பண்ணுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். நற்சாட்சியும், பரிசுத்த ஆவியும், ஞானமும் உள்ளவர்களாயிருக்கவேண்டும் என்றார்கள். பந்தி பரிமாறுகிறதற்கும் ஆவியின் நிறைவு வேண்டும், ஞானமும் வேண்டும். ஏழு பேருடைய பெயரும் வேதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று சபைக்குத் தெரிந்தது. அதன் பலன் 7-ஆம் வசனத்தில் இருக்கிறது. வசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று. பட்டியல் போட்டதால் எழுப்புதல் அணைந்துபோகவில்லை.

நம் சபையில் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் முடிவு. அதற்கு முன் நம் ஊர் நமக்குக் கற்றுக்கொடுத்த ஒரு காரியத்தைப் பார்க்கவேண்டும்.

3. முதலிப்பட்டி கற்றுக்கொடுத்த பாடம்

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. 38 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். சிலர் காப்பாற்ற வந்தார்கள், சிலர் பார்க்க வந்தார்கள். அடுத்த வெடிப்பு அவர்கள்மேல் விழுந்தது.

இதை நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஓடி வந்தவர்களில் எத்தனையோ பேர் நல்ல மனதோடு வந்தவர்கள். பிறருக்காக ஓடுகிற கால் விலையேறப்பெற்றது. ஆனால் பவுல் ரோமர் 10:2-ல் இஸ்ரவேலரைக் குறித்து, அவர்களுக்கு வைராக்கியம் உண்டு, அறிவுதான் இல்லை என்று துக்கத்தோடு சொல்லுகிறார். தேவ காரியத்துக்குச் சொன்ன அந்த வார்த்தை உதவி செய்கிற காரியத்துக்கும் பொருந்தும்.

ஆகையால் வாலிபத் தம்பிமார்களே, இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் ஆலைக்குள் ஓடாதீர்கள். அடுத்த அறையில் என்ன மருந்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. 101-க்கும் 108-க்கும் போன் பண்ணுங்கள். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வருகிற பாதையில் பைக்கையும் கூட்டத்தையும் விலக்கி வழியை உண்டாக்குங்கள். செல்போனில் படம் எடுக்கிறவர்களைத் தூரமாய் அனுப்புங்கள். அதுவே அந்த நேரத்தில் பெரிய ஊழியம்.

வெளியே வந்துவிட்டவர்களுக்கு என்ன செய்யலாம்? மருந்துத் தூள் ஒட்டின துணியைக் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்கக்கூடாது. வீக்கம் வருமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். வெந்த இடத்தில் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் ஓட விடுங்கள். ஐஸ் வைக்கவேண்டாம். பேனா மை, பேஸ்ட், மஞ்சள், வெண்ணெய் எதையும் பூசவேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். உடம்பில் அதிக இடம் வெந்திருந்தால் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வண்டியைத் தாமதப்படுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

4. சமாரியன் எங்கே நிறுத்தவில்லை?

லூக்கா 10-ஆம் அதிகாரத்து நல்ல சமாரியனை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவன் செய்த காரியங்களை விரலில் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

ஒன்று, கிட்ட வந்தான். இரண்டு, கையில் இருந்ததை வைத்துக் காயங்கட்டினான். மூன்று, தன் சொந்த வாகனத்தில் ஏற்றினான், அப்படியானால் தான் நடந்து போயிருப்பான். நான்கு, சத்திரத்தில் அன்று அவனைப் பராமரித்தான். ஐந்து, மறுநாள் இரண்டு பணம் எடுத்துக் கொடுத்தான். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20:2-ல் பார்க்கிறோம். இரண்டு நாள் கூலியைக் கொடுத்தான். சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி வாங்குகிற நமக்கு அதன் கனம் தெரியும். ஆறு, திரும்பி வருவேன் என்றான்.

நாம் பெரும்பாலும் ஒன்றிலும் இரண்டிலும் நிறுத்திவிடுகிறோம். விபத்து நடந்த அன்று ஊரே திரளும். மறுநாள் பேப்பரில் படம் வரும். பிறகு? 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் மரித்தார்கள். எல்லாரும் அன்றைக்கே மரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் போராடிய பிறகு மரித்தவர்களும் உண்டு. தீக்காயத்தின் குணம் அது. முதல் நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு உடம்பின் நீர் வற்றும், புண்ணில் கிருமி தொற்றும். பிழைத்தவர்களுக்கும் மாதக்கணக்கில் கட்டு மாற்றவேண்டும். கை மடங்கி இறுகிப் போகாதபடி வலியோடு பயிற்சி செய்யவேண்டும். 2023 அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் 14 பேர் போனார்கள். 2024 மே 9-ஆம் தேதி செங்கமலப்பட்டியில் 10 பேர். பேப்பர்க்காரர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். அந்த வீடுகளில் காரியம் முடியவில்லை.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் துணைக்குப் போகிறவரும் இங்கிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் போய்த் தங்கவேண்டும். படுத்திருக்கிறவருக்கும் கூலி இல்லை, பக்கத்தில் இருக்கிறவருக்கும் கூலி இல்லை. வீட்டில் பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்ளும். வார்டு வாசலில் ஒரு தாயார் என்னிடம், "மொத நாளு நூறு பேரு வந்தாக. இப்ப டீ வாங்கிக் குடுக்கவும் ஆளில்ல ஐயா" என்று சொன்னார்கள். சமாரியனுடைய ஆறாவது காரியம், திரும்பி வருவது, இந்தத் தாயாருக்குத்தான் வேண்டியிருக்கிறது.

5. நம் மண்ணில் நடந்த முன்மாதிரி

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சிவகாசி வட்டாரத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1854-ல் ராக்லண்ட் என்ற மிஷனெரி, பென், மெடோஸ் என்ற இரண்டு உடன் ஊழியரோடு வட திருநெல்வேலி என்று அப்போது அழைக்கப்பட்ட நம் பகுதியில் ஊர் ஊராய்க் கூடாரம் போட்டுச் சுவிசேஷம் அறிவிக்கத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் உயர்ந்த இடத்தில் தேறினவர். கல்லூரியில் சுகமாய் இருந்திருக்கலாம். இந்த வெயிலில் கூடாரத்தைத் தெரிந்துகொண்டார். 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் மரித்தார். பெந்தெகொஸ்தே எழுப்புதல் நம் தேசத்தில் பரவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தின காரியம் இது.

ராக்லண்டைவிட, அவருக்குத் தோள் கொடுத்தவர்களைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசிமார்களை மாதம் ஒருவராக முறை வைத்து வடக்கே அனுப்பின. செலவையும் அந்தச் சபைகளே ஏற்றுக்கொண்டன. அந்த உபதேசிமார்களின் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு மாதம் முடிந்ததும் அடுத்தவர் வந்து நிற்பார் என்ற ஒழுங்கு இருந்தபடியால் ஊழியம் நிற்கவில்லை. ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கவில்லை. முறை வைத்தார்கள், தாங்கினார்கள்.

6. அவனவன் தன் வீட்டுக்கு எதிரே

நெகேமியா 3-ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று அநேகர் தாண்டிப் போவார்கள். ஆனால் எருசலேமின் அலங்கம் எப்படிக் கட்டப்பட்டது என்று அதில்தான் இருக்கிறது. தட்டார் கட்டினார்கள். தைலக்காரர் கட்டினார்கள். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு சேர்ந்து கட்டினான். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் மட்டும் கழுத்துக் கொடுக்கவில்லை என்று 5-ஆம் வசனத்தில் எழுதியிருக்கிறது. வேலை 52 நாளில் முடிந்தது (6:15). நம் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடக்கிற சுவர் எது? மூப்பர்களோடு கலந்து பேசி ஐந்து பங்குகளாகப் பிரித்திருக்கிறோம்.

முதல் பங்கு: இரத்த தானம். 18 வயதிலிருந்து 65 வயது வரை, குறைந்தது 45 கிலோ எடையும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமலும் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள், சமீபத்தில் மஞ்சள்காமாலை வந்தவர்கள் முதலானோர் முதலில் டாக்டரிடம் சொல்லவேண்டும். எல்லாரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் தேவைப்படும் நாளில் ஆள் இருக்காது. ஆகையால் வகை வாரியாகப் பெயர் எழுதி, முறை வைத்துக் கொடுக்கிற பட்டியல் தயாராகிறது.

இரண்டாம் பங்கு: ஆஸ்பத்திரித் துணை. ஞாயிறு மத்தியானம் முதல் இரவு வரை, இரண்டிரண்டு பேராக. கஞ்சி, அவித்த முட்டை, மாற்றுத் துணி கொண்டுபோவது, மாத்திரை வாங்கி வருவது, துணைக்கு இருக்கிறவரைக் கொஞ்ச நேரம் தூங்க வைப்பது. இங்கே ஒரு வார்த்தை. தீக்காய வார்டுக்குக் கூட்டமாய்ப் போய்ச் சத்தமாய் ஜெபிக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கிட்ட போகாதீர்கள். புண்ணின்மேல் கை வைக்கவும் வேண்டாம், ஜெப எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். சமாரியன் எண்ணெய் வார்த்தானே என்றால், அது அந்தக் காலத்து மருந்து. இந்தக் காலத்து மருந்தை நர்சம்மா போட்டிருக்கிறார்கள், அதைக் கெடுக்கக்கூடாது. வாசலில் நின்று மெதுவாய் ஜெபித்தாலும் கர்த்தருக்குக் கேட்கும்.

மூன்றாம் பங்கு: பேப்பர் வேலை. மரித்தவரின் குடும்பத்துக்கு எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் தேவைப்படும். அழுதுகொண்டிருக்கிற பெண் ஒவ்வொரு ஆபீசாய் எப்படி ஏறுவாள்? பட்டாசு விபத்தில் மரித்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவுக்கென்று தனி நிதி ஏற்படுத்தப்படும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். அப்படி உதவி இருக்கிறது என்று தெரியாமலே பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடக்கூடாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் பழக்கம் உள்ளவர்கள் இதற்குத் தேவை.

நான்காம் பங்கு: பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு. தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளை முதலில் நழுவுவது கணக்கிலும் ஆங்கிலத்திலும்தான். கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு மாலை கொடுத்தால் போதும். ஒரு காலத்தில் விடியுமுன்னே ஆபீஸ் வண்டி வந்து சிறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன பகுதி இது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்த வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அத்தனை பாடுபட்டு மீட்ட பிள்ளைகளின் பிள்ளைகள் திரும்பவும் மருந்துக் கையோடு நிற்கக்கூடாது.

ஐந்தாம் பங்கு: காவல். உபாகமம் 22:8-ஐ வாசியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், ஒருவன் விழுந்து இரத்தப்பழி வராதபடிக்கு. விழுந்தபின் தூக்குவது மட்டும் அன்பு அல்ல. விழாதபடி சுவர் கட்டுவதும் அன்பு. பட்டாசு அறையில் நாலு பேருக்குமேல் உட்கார வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. பருத்தித் துணி உடுத்தவேண்டும். மிஞ்சின மருந்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து மருந்து அடைக்கக்கூடாது. தீபாவளி நெருங்க நெருங்க, "சீக்கிரம், சீக்கிரம்" என்கிற அவசரத்தில் இவைதான் முதலில் பறக்கும். போர்மேன் வேலையில் இருக்கிற நம் சகோதரர்களே, உங்கள் சாட்சி அங்கேதான் பரீட்சிக்கப்படுகிறது. வீட்டில் கருந்திரி சுற்றுகிறவர்கள் யாராவது நம்மில் இருந்தால், அன்போடு சொல்லுகிறேன், அடுப்பும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அது வேண்டாம். வருமானத்துக்கு வேறு வழி தேட சபை உங்களோடு நிற்கும்.

7. உங்கள் கேள்விகள்

"இரத்தத்துக்கு விலகியிருக்கவேண்டும் என்று வேதம் சொல்லுகிறதே, இரத்தம் கொடுக்கலாமா?" அப்போஸ்தலர் 15-ல் சொன்னது உணவைப்பற்றியது. மாம்சத்தில் இரத்தத்தைப் புசிக்கிறது வேறு, பிறன் பிழைக்கும்படி நம் இரத்தத்தைக் கொடுக்கிறது வேறு. நமக்காகத் தம்முடைய இரத்தத்தையே கொடுத்தவரைப் பின்பற்றுகிறவர்கள் நாம்.

"ஆஸ்பத்திரிக்கு உதவினால் தெய்வீக சுகத்தை மறுதலித்தது ஆகாதா?" ஆகாது. லூக்கா வைத்தியன் என்று பவுலே பிரியமாய் எழுதுகிறார் (கொலோசெயர் 4:14). குணமாக்கும் வரமும் தாங்குகிற வரமும் ஒரே வசனத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜெபிக்கிறவர் ஜெபிக்கட்டும், கஞ்சி கொண்டுபோகிறவர் கொண்டுபோகட்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் இன்னும் நல்லது.

"நம் விசுவாசிகளுக்கு மட்டுமா?" சமாரியன் அடிபட்டவனிடம் நீ எந்த ஊர், எந்த ஜாதி, எங்கே தொழுதுகொள்ளுகிறாய் என்று கேட்கவில்லை. ஆகையால் நாமும் கேட்கமாட்டோம். துண்டுப் பிரதியைக் கொடுத்துவிட்டு அரிசி கொடுக்கிறது, அரிசி கொடுத்துவிட்டு ஆராதனைக்கு வாருங்கள் என்கிறது, இரண்டும் வேண்டாம். அது வியாபாரம்போல் ஆகிவிடும். நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று அவர்களாகவே கேட்டால், அப்போது ஆண்டவரைப்பற்றிச் சாந்தத்தோடு சொல்லுங்கள்.

"நானே கூலிக்காரி, என்னத்தக் கொடுக்க முடியும்?" யோப்பா பட்டணத்துத் தபீத்தாளிடம் பணம் இருந்ததாக வேதம் அழுத்திச் சொல்லவில்லை. ஊசியும் நூலும் இருந்தது. அவள் மரித்தபோது விதவைகள் நின்று அழுது, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைப் பேதுருவுக்குக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் உங்களிடம் இருக்கிறது அல்லவா? அதைக் கொடுங்கள்.

சபை அறிவிப்பு

வருகிற மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் பெயர் எழுதப்படும். ஐந்து பங்குக்கும் ஐந்து நோட்டு வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஒரு பங்குக்கு மட்டும் பெயர் கொடுங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிட்டு ஒன்றிலும் வராமற்போகிறது யாருக்கும் பிரயோஜனமில்லை. அன்று மத்தியானமே தீக்காய முதலுதவியைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவோம். வாலிபர் அனைவரும் தங்கியிருக்கவும். 18 வயது நிரம்பாத தம்பி தங்கைகளுக்கு நான்காம் பங்கில் இடம் உண்டு, சிறு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் மாற்றி எழுதப்படும், ஆகையால் முடியாதவர்கள் கூச்சமில்லாமல் விலகிக்கொள்ளலாம். வெள்ளி இரவு ஜெபம் வழக்கம்போல் நடக்கும்.

வீட்டில் குடும்பமாய்த் தியானிக்க:

1. அப்போஸ்தலர் 6-ல் விடுபட்டவர்கள் விதவைகள். நம் தெருவில் யார் கண்ணில் படாமல் விடுபட்டிருக்கிறார்கள்?

2. சமாரியனின் ஆறு காரியங்களில் நம் குடும்பம் எதுவரை போயிருக்கிறது?

3. நம் வேலை இடத்தில் கட்டவேண்டிய கைப்பிடிச் சுவர் எது?

ஜெபம்: பரலோகப் பிதாவே, குணமாக்கும் வரத்தையும் பாஷைகளின் வரத்தையும் எங்கள் சபைக்குத் தாரும். நடுவில் நீர் வைத்த வரத்தையும் தாரும். வார்டில் படுத்திருக்கிறவர்களை நினைத்தருளும். அவர்கள் பக்கத்தில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களைத் தாங்கும். நாளைக் காலையில் ஆபீஸ் வண்டி ஏறுகிற ஒவ்வொருவரையும் சாயங்காலம் பத்திரமாய் வீடு சேரப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்